ஒரு துளில ஆரம்பிச்சு ஒரு மழை: கம்ப்யூட்டர்ல மழை பெய்ய வைக்கறது எப்படி

இயற்கைல நடக்கறத கணக்கு போட்டு ஸ்கிரீன்ல கொண்டு வரணும்னு ஆசைப்படறவங்கள்ல முக்கால்வாசி பேர் மொதல்ல கை வைக்கிறது கடல் அலை, புகை, தீ மாதிரி பெரிய ஐட்டத்துலதான், அப்புறம் அதுல மாட்டிக்கிட்டு பாதிலயே விட்டுட்டு போயிடுவாங்க. என்னைக் கேட்டா மழைல ஆரம்பிங்க. பிளஸ் டூ பிசிக்ஸ் போதும், நீங்க போட்ட கணக்கு சரியா தப்பான்னு பாக்க ஏற்கனவே அளந்து வெச்ச நம்பர் இருக்கு, துளி கீழ விழுந்ததும் தண்ணில வளையம் வளையமா போகுதே, அந்த அலைக்கணக்கும் கூடவே கிடைச்சிடும்.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கண்டிஷன். பிக்சல்ல கணக்கு போடாதீங்க. நெட்ல இருக்கற டுடோரியல் பாதில வேகம் 5 பிக்சல், ஈர்ப்பு 0.2-ன்னு குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டு, பாக்க நல்லா இருக்கற வரைக்கும் மாத்திட்டே இருப்பாங்க. படம் வரும், ஆனா அது சரியான்னு கேட்டா பதில் சொல்லவே முடியாது. மீட்டர், செகண்ட், கிலோகிராம்னு நிஜ அளவுலயே எல்லா கணக்கையும் போடுங்க, கடைசியா வரையும்போது மட்டும் ஒரு மீட்டருக்கு இத்தனை பிக்சல்னு பெருக்கிக்கலாம்.

கோடிங் தெரியலன்னா கூட பரவால்ல, மொத பாதிக்கு எக்ஸெல்லே போதும். ஒவ்வொரு வரிசையும் ஒரு கணம். நேரம், வேகம், முடுக்கம், விழுந்த தூரம்னு நாலு நெடுவரிசை போடுங்க. அப்புறமா பைத்தானுக்கோ ஜாவாஸ்கிரிப்ட்டுக்கோ போகலாம். (பைத்தான் 3-ல வேரியபிள் பேரை தமிழ்லயே வைக்கலாம், வேகம், உயரம்னு எழுதினா அப்படியே ஓடும், நிறைய பேருக்கு இது தெரியாது.)

மொதல்ல காத்தே இல்லன்னு வெச்சுக்கிட்டு போட்டு பாருங்க. ரெண்டு கிலோமீட்டர் மேல இருக்கற மேகத்துல இருந்து ஒரு துளி விழுதுன்னா தரைக்கு வரும்போது அதோட வேகம் செகண்டுக்கு கிட்டத்தட்ட 198 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல. அப்படி மழை பெஞ்சா ஒரு ஓடு கூட மிஞ்சாது. அதனால காத்தோட தடையை சேர்த்தே ஆகணும். தடை விசைக்கு பாடப்புத்தக ஃபார்முலா இதான்:

தடை = ½ × காத்தோட அடர்த்தி × தடைக் குணகம் × குறுக்குப் பரப்பு × வேகம் × வேகம்

காத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, உருண்டைக்கு தடைக் குணகம் (அந்த உருவத்தை காத்து எவ்ளோ தடுக்கும்ங்கற எண்) 0.47. துளியோட விட்டம் 2 மி.மீ.ன்னு எடுத்தா எடை 4.19 மில்லிகிராம். இதையெல்லாம் போட்டு துளியோட நிறையால வகுத்தா கடைசில இவ்ளோ சின்னதா வந்து நிக்கும்:

முடுக்கம் = 9.8 − 0.211 × வேகம் × வேகம்

வேற சைஸ் துளின்னா 0.211-க்கு பதிலா 0.423-ஐ மி.மீ.ல விட்டத்தால வகுத்துக்கோங்க. மொத்த சிமுலேஷனோட உயிரே இந்த ஒரு வரிதான், மத்ததெல்லாம் இதைத் திரும்பத் திரும்ப கூட்டறதுதான்:

புது வேகம் = பழைய வேகம் + முடுக்கம் × டைம் ஸ்டெப்
புது தூரம் = பழைய தூரம் + புது வேகம் × டைம் ஸ்டெப்

இதுக்கு ஆய்லர் முறைன்னு பேர். டைம் ஸ்டெப், அதாவது ஒரு வரிசைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கற நேரம், 0.1 செகண்டுன்னு வெச்சு மொத நாலு வரியை கையாலயே போட்டு பாருங்க, அப்பதான் புரியும். ஆரம்பத்துல வேகம் 0, முடுக்கம் 9.8. அடுத்த வரில வேகம் 0.98, முடுக்கம் 9.60. அதுக்கடுத்து வேகம் 1.94, முடுக்கம் 9.0. அப்புறம் 2.84-க்கு 8.1. வேகம் ஏற ஏற முடுக்கம் குறையுது பாருங்க, இப்படியே இழுத்துட்டு போனா ஒரு செகண்டு கழிச்சு வேகம் 6 தாண்டிருக்கும், ரெண்டு செகண்டுல கிட்டத்தட்ட 6.8-ல போய் நின்னுடும், அதுக்கு மேல ஏறவே ஏறாது. இதைத்தான் டெர்மினல் வெலாசிட்டின்னு சொல்றது. அந்த ரெண்டு செகண்டுல துளி விழுந்திருக்கற தூரம் சுமார் 10 மீட்டர்தான். ரெண்டு கிலோமீட்டர் மேல இருந்து வந்தாலும் சரி, நாலாவது மாடில இருந்து விட்டாலும் சரி, தரையில படற வேகம் ஒண்ணுதான். மேகத்துல இருந்து கிளம்பின துளி நம்ம தலைக்கு வந்து சேர கிட்டத்தட்ட அஞ்சு நிமிஷம் ஆகுது.

இப்ப வேணும்னே ஒரு காரியம் பண்ணுங்க. டைம் ஸ்டெப்பை 1 செகண்டுன்னு மாத்துங்க. மொத ஸ்டெப்ல வேகம் 9.8 ஆயிடும், நிஜத்துல துளி தொடவே முடியாத வேகம் அது. அந்த வேகத்துக்கு தடையை போட்டா முடுக்கம் மைனஸ் 10.5-ன்னு வரும், அடுத்த ஸ்டெப்ல வேகம் மைனஸ் 0.7. அதாவது மழை மேல போகுது! அப்புறம் திரும்ப 9 தாண்டும், திரும்ப 1.6 கிட்ட இறங்கும், இப்படியே ஆடிட்டே இருக்கும். ஃபார்முலா சரி, பிசிக்ஸ் சரி, ஸ்டெப் மட்டும்தான் பெருசு. புதுசா வர்றவங்க சிமுலேஷன் வெடிச்சிடுச்சுன்னு புலம்பறப்ப பத்துக்கு எட்டு தடவை காரணம் இதுதான், ஆனா அவங்க ஃபார்முலாவைத்தான் நோண்டிட்டு இருப்பாங்க. எவ்ளோ சின்ன ஸ்டெப் வேணும்னா, அந்த டெர்மினல் வேகத்தை 9.8-ஆல வகுங்க, நம்ம துளிக்கு 0.7 செகண்டு வருது, அதுல பத்துல ஒரு பங்கோ அதுக்கும் கீழயோ போனா கவலை இல்ல. சந்தேகமா இருந்தா ஸ்டெப்பை பாதியாக்கி மறுபடி ஓட்டுங்க, விடை பெருசா மாறலன்னா ஓகே, மாறிச்சுன்னா இன்னும் பாதியாக்குங்க.

அந்த மைனஸ் வேகத்துல இன்னொரு பொறியும் இருக்கு. வேகத்தை வேகத்தால பெருக்கினா மைனஸ் காணாம போயிடும், அப்ப துளி மேல போகும்போது தடையும் அதை மேலயே தள்ளும். அதனால வேகம் × வேகத்தோட அளவுன்னு எழுதுங்க, அதாவது ஒண்ணுல குறியை எடுத்துடணும், இன்னொண்ணுல விட்டுடணும்.

சரி, 6.8 வந்துச்சு, அது நிஜமா? 1949-ல கன், கின்சர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் துளிகளை அசையாத காத்துல விழ வெச்சு அளந்து ஒரு டேபிளே போட்டு வெச்சிருக்காங்க. 2 மி.மீ. துளிக்கு அவங்க நம்பர் 6.49. நம்ம 6.8 அஞ்சு சதவீதம்தான் தள்ளி இருக்கு, ஒரு வரி ஃபார்முலாவுக்கு இது பிரமாதம். ஆனா 1 மி.மீ.க்கு நம்ம கணக்கு 4.8-ன்னு சொல்லும், அளந்தது 4.03. 5 மி.மீ.க்கு நம்ம கணக்கு 10.8, அளந்தது 9.09. ரெண்டு பக்கமும் நம்ம துளி வேகமா விழுது, ஆனா காரணம் வேற வேற. சின்ன துளிக்கு காத்தோட பிசுபிசுப்பு உறைக்க ஆரம்பிக்கும், தடைக் குணகம் 0.47-ல நிக்காம ஏறிடும். பெரிய துளிக்கு உருவமே மாறிடுது. படத்துல வரையற மாதிரி மேல கூரா கீழ உருண்டையா கண்ணீர்த்துளி வடிவத்துல மழைத்துளி எப்பவுமே இருக்கறதில்ல. சின்னது சுத்த உருண்டை, பரப்பு இழுவிசை அதை அப்படி இழுத்து வெச்சிருக்கும், பெருசாக ஆக அடிப்பக்கம் காத்து தள்ளித் தள்ளி தட்டையாகி பன் மாதிரி ஆயிடும், தட்டையானா குறுக்குப் பரப்பு கூடுது, தடை கூடுது, வேகம் குறையுது. 5, 6 மி.மீ. தாண்டினா தாங்காம ஒடஞ்சு சின்ன துளிகளா சிதறிடும். அதனால உங்க சிமுலேஷன்ல 10 மி.மீ. துளி வந்துச்சுன்னா அது மழை இல்ல.

இந்த ரெண்டு தப்பையும் ஒரே அடில சரி பண்ண ஒரு ஷார்ட்கட் இருக்கு. அந்த அளவீடுகளுக்கு பொருந்தற மாதிரி 1973-ல அட்லஸும் அவரோட சேர்ந்தவங்களும் குடுத்த ஃபார்முலா:

டெர்மினல் வேகம் = 9.65 − 10.3 × எக்ஸ்பொனென்ஷியல்(−0.6 × மி.மீ.ல விட்டம்)

இதுல 1, 2, 5 போட்டு பாருங்க, 4.0, 6.55, 9.1-ன்னு கச்சிதமா வரும். இனிமே 0.211-க்கு பதிலா 9.8-ஐ இந்த வேகத்தோட வர்க்கத்தால வகுத்து போட்டுக்கோங்க. ஒரே எச்சரிக்கை, அரை மி.மீ.க்கு கீழ இதை நம்பாதீங்க, ரொம்ப சின்னதா போனா வேகமே மைனஸ்ல போயிடும்.

அடுத்தது காத்து அடிக்கறது. நிறைய பேர் பக்கவாட்டு வேகத்துல ஒரு நம்பரை கூட்டிட்டு போயிடுவாங்க, அப்படி பண்ணா காத்து மாறின அந்த நொடியே எல்லா துளியும் ஒண்ணா திரும்பிடும், பாத்தாலே செயற்கையா தெரியும். தடைங்கறது துளிக்கும் காத்துக்கும் நடுவுல இருக்கற வேக வித்தியாசத்தைப் பொறுத்தது, அதனால மொதல்ல துளியோட வேகத்துல இருந்து காத்தோட வேகத்தை கழிங்க, பக்கவாட்டுக்கு தனியா மேல கீழ தனியா, அந்த வித்தியாசத்தோட மொத்த அளவை பித்தாகரஸ் வெச்சு எடுங்க, அப்புறம் தடையை அதுக்கு எதிர்த் திசைல போடுங்க. இதை செஞ்சா போதும், மத்தது தன்னால நடக்கும். மணிக்கு 18 கிலோமீட்டர் காத்துல 2 மி.மீ. துளி செங்குத்துக் கோட்டுல இருந்து 38 டிகிரி சாயும், அரை மி.மீ. தூறல் 68 டிகிரி சாயும், கிட்டத்தட்ட படுத்துக்கிட்டே வரும். குற்றாலச் சாரல்ல குடை பிடிச்சும் நனையறது ஏன்னு இப்ப புரியுதா?

காத்து சீரா அடிக்காதே, அதுக்கு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரேண்டம் நம்பர் போடாதீங்க, துளியெல்லாம் நடுங்கும். 7 செகண்டு, 3 செகண்டு, 1.3 செகண்டுன்னு வேற வேற கால அளவுல மூணு சைன் அலையை கூட்டிக்கோங்க, ஆரம்பத்துக்கு தாராளம். இன்னும் நல்லா வேணும்னா பெர்லின் நாய்ஸ் (திடீர்னு குதிக்காம வழுவழுன்னு ஏறி இறங்கற ரேண்டம்), கென் பெர்லின் 1980-கள்ல கொண்டு வந்தது, அதுக்காக 1997-ல அவருக்கு ஆஸ்கர் அகாடமியோட டெக்னிக்கல் விருதே குடுத்தாங்க.

இப்ப ஒரு துளி தயார், மழைக்கு எத்தனை துளி, என்ன என்ன சைஸ்ல? எல்லாத்தையும் ஒரே சைஸ்ல போட்டா ஷவர் பாத் மாதிரிதான் இருக்கும். 1948-ல கனடாவோட மெக்கில் பல்கலைக்கழகத்துல மார்ஷல், பாமர்னு ரெண்டு பேர் இதுக்கு ஒரு விதி குடுத்தாங்க, சின்ன துளி ஏராளம், சைஸ் ஏற ஏற எண்ணிக்கை மடமடன்னு குறையும், எவ்ளோ சீக்கிரம் குறையும்ங்கறது மழை எவ்ளோ பலமா பெய்யுதுங்கறதைப் பொறுத்தது. மணிக்கு 10 மி.மீ. மழைன்னா அந்த குறையற எண் மி.மீ.க்கு 2.5, மணிக்கு 50 மி.மீ.ன்னு கொட்டினா 1.8. இதை கோடுல கொண்டு வர்றது சுலபம், 0-க்கும் 1-க்கும் நடுவுல ஒரு ரேண்டம் நம்பர் எடுத்து:

விட்டம் = 0.5 − நேச்சுரல் லாக்(ரேண்டம்) ÷ 2.5

அந்த 0.5 நான் சேர்த்தது, அதுக்கு கீழ இருக்கற பொடித்துளி ஸ்கிரீன்ல தெரியப் போறதில்ல, நம்ம வேக ஃபார்முலாவும் அங்க வேலை செய்யாது. 6-க்கு மேல வந்தா தூக்கிப் போட்டுட்டு வேற ரேண்டம் எடுங்க. ஒரு நுணுக்கம்: இது காத்துல தொங்கிட்டு இருக்கற துளிகளோட கணக்கு, தரையில வந்து விழறதை எண்ணினா பெரிய துளி பங்கு கூடும், ஏன்னா அது வேகமா வருது.

இதை உங்க வீட்டு மொட்டை மாடிலயே சோதிச்சு பாக்கலாம். ஸ்னோஃப்ளேக் போட்டோக்களுக்கு பேர் போன வில்சன் பென்ட்லி 1904-ல எழுதி வெச்ச முறை இது. ஒரு அகலமான தட்டுல சலிச்ச மைதாவை ஒரு இஞ்ச் கனத்துக்கு பரப்பி, மழைல ரெண்டு மூணு செகண்டு மட்டும் காட்டிட்டு உள்ள கொண்டு வந்துடுங்க. ஒவ்வொரு துளியும் மாவுல விழுந்து குட்டி குட்டி உருண்டையா பிடிச்சிருக்கும். காய விட்டு சலிச்சு எடுத்தா கைல மழையோட சைஸ் லிஸ்ட்டே இருக்கும், ஸ்கேல் வெச்சு அளந்து சைஸ் வாரியா எண்ணுங்க. உருண்டை துளியோட சைஸுக்கு அப்படியே சமம்னு சொல்ல முடியாது, ஆனா கிட்டத்தட்ட வரும், சின்னது நிறைய பெருசு கொஞ்சம்ங்கற அந்த வடிவம் தெளிவா தெரியும். சிமுலேஷன் பண்றவங்க இந்த மாதிரி ஒரு தடவையாவது நிஜத்தை தொட்டுப் பாக்கணும்ங்கறது என் அபிப்ராயம்.

எண்ணிக்கைக்கு ஒரு குறுக்குக் கணக்கு. மணிக்கு 10 மி.மீ.ன்னா ஒரு சதுர மீட்டர்ல மணிக்கு 10 லிட்டர், எல்லாம் 2 மி.மீ. துளின்னு வெச்சா செகண்டுக்கு சுமார் 660 துளி. ஒரு தெரு முழுக்க இதை போட்டா லேப்டாப் அழுதுடும், கேமரா பக்கத்துல இருக்கற நாலஞ்சு மீட்டருக்கு மட்டும் துளி போடுங்க, தூரத்துல வெறும் மங்கல் போதும். துளியை புள்ளியா வரையாதீங்க. கேமரா 1/60 செகண்டு திறந்திருந்தா அதுக்குள்ள 2 மி.மீ. துளி 11 செ.மீ. போயிடுது, அதனால மழை கோடாத்தான் தெரியும். வேகத்தை 60-ஆல வகுத்து அந்த நீளத்துக்கு, துளி போற திசைலயே ஒரு மெல்லிசு கோடு, அவ்ளோதான்.

இப்ப தரைக்கு வருவோம், தேங்கின தண்ணில வளையம். இதுக்கு எக்ஸெல் பத்தாது, கோடிங்தான். 1 மீட்டருக்கு 1 மீட்டர் தண்ணியை அரை செ.மீ. கட்டமா பிரிங்க, 200-க்கு 200, மொத்தம் 40,000 கட்டம். ஒவ்வொண்ணுலயும் தண்ணி மட்டம் எவ்ளோ ஏறி இறங்கி இருக்குன்னு ஒரு நம்பர். இப்போ உயரத்துக்கு ஒரு அர்ரே (நம்பர் பட்டியல்), முந்தின ஸ்டெப் உயரத்துக்கு ஒரு அர்ரே. அலைச் சமன்பாடு கட்டத்துக்கு வந்தா இப்படி ஆயிடும்:

புது உயரம் = 2 × இப்போ உயரம் − முந்தின உயரம் + எண் × (நாலு பக்கத்து கட்டத்தோட கூட்டல் − 4 × இப்போ உயரம்)

அந்த எண் வேற ஒண்ணும் இல்ல, அலை வேகம் × டைம் ஸ்டெப் ÷ கட்ட அளவு, அதோட வர்க்கம். ஆழம் கம்மியான தண்ணில நீளமான அலையோட வேகம் 9.8 × ஆழம், அதோட வர்க்கமூலம். 1 செ.மீ. தேங்கி இருந்தா செகண்டுக்கு 31 செ.மீ. வருது. இங்கதான் கேம் இருக்கு. ஸ்கிரீன் 60 ஃபிரேம்ல ஓடுது, ஃபிரேமுக்கு ஒரு ஸ்டெப்னு போட்டா எண் 1.07. ஓட விட்டா ஒரு செகண்டு கூட தாங்காது, கறுப்பும் வெள்ளையும் கட்டம் மாத்தி கட்டமா மின்னிட்டு எல்லா நம்பரும் எங்கயோ போயிடும். ஏன்னா நாலு பக்கத்தைப் பாக்கற இந்த முறைல எண் 0.5-ஐ தாண்டவே கூடாது, ஒரு ஸ்டெப்ல அலை அடுத்த கட்டத்தை தாண்டி ஓடக்கூடாதுங்கற விதி இது, கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூணு பேரும் 1928-லயே எழுதி வெச்சுட்டாங்க, கம்ப்யூட்டரே இல்லாத காலத்துல. ஃபிரேமுக்கு ரெண்டு ஸ்டெப் போடுங்க, எண் 0.27 ஆயிடும், அமைதியா ஓடும். பிசிக்ஸ் ஸ்டெப்பும் ஸ்கிரீன் ஃபிரேமும் தனித்தனின்னு ஆரம்பத்துலயே பழகிக்கோங்க.

துளி விழுந்த இடத்துல ஒரே ஒரு கட்டத்தை மட்டும் அமுக்கினா வளையம் வட்டமா வராது, கோணலா சிலுவை சிலுவையா வரும். நடுவுல ஆழமா, ஓரத்துல மெதுவா குறையற மாதிரி நாலஞ்சு கட்டத்துக்கு பரத்தி அமுக்குங்க. ஒவ்வொரு ஸ்டெப்லயும் புது உயரத்தை 0.995-ஆல பெருக்கினா வளையம் போகப் போக அடங்கும் (இது பிசிக்ஸ் இல்ல, சும்மா ஒரு கைவேலை). ஓரத்துக்கு பக்கத்து கட்டத்தோட உயரத்தையே காப்பி பண்ணா சுவர்ல பட்டு திரும்பி வரும், ஓரத்தை பூஜ்யமா பிடிச்சு வெச்சா தலைகீழா திரும்பும், தொட்டிக்கு மொதல் வகைதான் சரி. வரையும்போது உயரத்தை கலரா மாத்தாதீங்க, இடப்பக்க கட்டத்துக்கும் வலப்பக்க கட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை கலராக்குங்க, தண்ணில வெளிச்சம் பளிச்சுனு அடிக்கறது சரிவைப் பொறுத்துதான், இந்த ஒரு மாத்தத்துல படம் தண்ணியா மாறிடும்.

இதுல ஒரு பொய் இருக்கு, சொல்லிடறேன். நம்ம சமன்பாட்டுல எல்லா அலையும் ஒரே வேகத்துல போகும், நிஜத் தண்ணில அப்படி இல்ல. ஆழமான தண்ணில 1.7 செ.மீ. நீள அலைதான் இருக்கறதுலயே மெதுவானது, செகண்டுக்கு 23 செ.மீ., அதை விட குட்டியான அலை பரப்பு இழுவிசையால வேகமா ஓடும், அதை விட நீளமானது ஈர்ப்பால வேகமா ஓடும். வாளித் தண்ணில ஒரு சொட்டு விட்டு உத்துப் பாருங்க, வெளி ஓரத்துல பொடி வளையங்கள் முன்னாடி ஓடிட்டு இருக்கும். இதை சரியா கொண்டு வரணும்னா அலையை நீளம் வாரியா பிரிக்கற ஃபூரியே முறைல ஒவ்வொரு அலை நீளத்துக்கும் தனித்தனி வேகம் குடுக்கணும், முதல் மழைக்கு அது வேண்டாம்.

ரெண்டையும் இணைக்கறது சின்ன வேலை, துளி தரை மட்டத்தை தொட்டதும் அது எந்த கட்டம்னு பாத்து, அமுக்கற ஆழத்தை எடை × வேகத்துக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கோங்க. மணிக்கு 10 மி.மீ.ன்னா ஃபிரேமுக்கு 11 துளி விழும், தண்ணி கொதிக்கற மாதிரி ஆயிடும், வளையம் அழகா தெரியணும்னா மணிக்கு 1 மி.மீ. தூறலுக்கு இறக்குங்க.

சத்தமும் வேணும்னா, தண்ணில சொட்டு விழற அந்த "ப்ளிங்க்" பெரும்பாலும் உள்ள மாட்டின காத்துக் குமிழி அதிர்றதுதான். 1933-ல மின்னர்ட்னு டச்சு விஞ்ஞானி இதுக்கு கணக்கு குடுத்தார், 3.26-ஐ மீட்டர்ல குமிழி ஆரத்தால வகுத்தா அதிர்வெண். 1 மி.மீ. ஆரமுள்ள குமிழிக்கு 3260 ஹெர்ட்ஸ், 3 மி.மீ.க்கு சுமார் 1090. அந்த அதிர்வெண்ல ஒரு சைன் அலை, சில மில்லிசெகண்டுல தேஞ்சு போற மாதிரி. எல்லா துளியும் குமிழி பிடிக்காது, அதனால பத்துல ஒண்ணுக்கு மட்டும் சத்தம் போடுங்க, ஒரே நேரத்துல முப்பது நாப்பது சத்தத்துக்கு மேல போகாதீங்க, அதுக்கு மேல எப்படியும் வெறும் இரைச்சலாத்தான் காதுல விழும், ப்ராசஸர்தான் வீணா சூடாகும்.